அப்பாவோட கால விசாரிச்ச எல்லாருக்கும்

மூணு வாரமா இத எழுதணும் எழுதணும்னு நெனச்சு போன கையில எடுக்கிறது, அப்பறம் பிள்ளைகளோட கொப்பி திருத்திற வேலையில விட்டுர்றது, இப்பிடியே போயிருச்சு. இன்னைக்கு விடாத மழை, பள்ளிக்கூடமும் லீவு, கரண்டும் இல்ல, போன்ல 40 பர்சன்ட் சார்ஜ் இருக்கு, அதுக்குள்ள எழுதி முடிச்சிரணும். பிழை இருந்தா டீச்சர்னு பாக்காம மன்னிச்சிருங்க.

அப்பா நடக்கிறாரு. மொதல்ல அதச் சொல்லிர்றேன், ஏன்னா பஸ்ல, கோயில்ல, கடையில, பாக்கிற எடமெல்லாம் கேக்கிறது அதத்தான். வலது கால்ல பெருவெரலும் பக்கத்து வெரலும் இல்ல, ஆனா காலு இருக்கு. டவுன்ல ஒரு எடத்துல "முழங்காலுக்குக் கீழ எடுத்துருவோம், நாளைக்கே காசு கட்டுங்க"ன்னு சொன்ன காலு அது. எந்த எடம்னு கேக்காதீங்க, இது நன்றி சொல்ற கடிதம்.

எப்பிடி ஆச்சுன்னு தெரியாதவங்களுக்கு சொல்றேன். அப்பா 34 வருஷம் தேயிலைத் தோட்டத்துல கவ்வாத்து வெட்டினவரு, அதாவது தேயிலைச் செடிய வெட்டி விடுற வேலை. சீனி வருத்தம், அதான் டயபிடிஸ், 11 வருஷமா இருக்கு. குளிர் மாசத்துல அந்தியானா அடுப்படியில ஒக்காந்து கால நெருப்புப் பக்கம் நீட்டிக்கிட்டு குளிர் காயிறது, எங்க பக்கம் யாரு செய்யாத வேலை அது. அன்னைக்கு அம்மா ஏதோ தீயிற வாசம் வருதே, ரொட்டி கருகுதாக்கும்னு திரும்பிப் பாத்திருக்காங்க. ரொட்டி இல்ல, காலு. அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியல. "வலிக்கவே இல்ல புள்ள, சின்னக் கொப்புளம்தான்"னு பெருமையா வேற சொன்னாரு, நாங்களும் வலி இல்லன்னா பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு மஞ்சளப் பூசி விட்டுட்டோம். அந்த முட்டாள்தனம்தான் எங்கள 9 மாசம் அலைய வச்சது.

அதுக்குள்ள நடந்த ஒரு விஷயத்த சொல்லாம போக முடியாது. அம்மா வேதக்காரங்க, ஆர்சி, அதாவது கத்தோலிக்கம். அப்பா மாரியம்மனுக்கு மஞ்ச துணி கட்டுறவரு. எங்க வீட்ல இது ரெண்டும் எப்பவுமே சண்டை போட்டதில்ல, தீபாவளிக்கும் பலகாரம் நத்தாருக்கும் பலகாரம், அவ்வளவுதான் வித்தியாசம். புண்ணு பெருசானப்ப யாரோ கூப்பிட்டாங்கன்னு அம்மா ஒரு ஜெபக் கூட்டத்துக்கு அப்பாவ கூட்டிட்டு போயிட்டாங்க. அங்க ஒருத்தரு தலையில கை வச்சு ஜெபிச்சிட்டு, இனி மாத்திரை போட்டா விசுவாசம் இல்லன்னு அர்த்தம்னு சொல்லி அனுப்பிட்டாரு. அப்பா ஒடனே நம்பிட்டாரு, மாத்திரை போட வேணாம்னு யாரு சொன்னாலும் நம்புற ஆளு அவரு. 16 நாள் மாத்திரையும் இல்ல ஊசியும் இல்ல. 17வது நாள் காய்ச்சல் 103, காலு கணுக்கால் வரைக்கும் கருஞ்சிவப்பு, நாத்தம் இஸ்தோப்பு வரைக்கும், வாசத் திண்ணை வரைக்கும் வருது.

அதனால மொத நன்றி எங்க தொங்கல் லயத்து (கடைசி லைன் வீட்டு வரிசை) பையன்களுக்கு. 1990 ஆம்புலன்ஸ் நம்பருக்கு கோல் எடுத்தோம், வண்டி 25 நிமிஷத்துல கீழ ரோட்டுக்கு வந்திருச்சு, ஆனா லயத்துக்கு வண்டி ஏறாது, அந்த ரோட்ட எத்தன எலக்சன்ல போட்டுத் தாறோம்னு சொல்லியாச்சு. கம்பளிய விரிச்சு அதுல அப்பாவப் போட்டு நாலு பேரு நாலு மூலையப் புடிச்சு கொட்டுற மழையில படிக்கட்டு எறங்கினாங்க. அதுல ஒருத்தனுக்கும் எங்களுக்கும் தண்ணி பைப்பு விஷயத்துல 2 வருஷமா பேச்சுவார்த்தை இல்ல. தம்பி, நீ வந்து தூக்கின, நான் பாத்தேன். இனிமே தண்ணிய நீங்களே மொத புடிங்க. ஆம்புலன்ஸ்ல வந்த பிள்ளைகளுக்கும் நன்றி, ஒரு ரூவா வாங்கல, அது வாங்காத சேவைதான்னு தெரியும், இருந்தாலும் அந்த நேரத்துல பர்ச தொறந்துக்கிட்டு நின்ன அம்மாகிட்ட "அத உள்ள வைங்க அம்மே"ன்னு சொன்ன விதம் இருக்கே.

நுவரெலியா ஆஸ்பத்திரியில சேர்த்தோம். ஓப்பரேஷன் செஞ்ச டொக்டர் சிங்கள கிறிஸ்தவர்னு பின்னாலதான் தெரிஞ்சது, கழுத்துல சின்னதா ஒரு சிலுவை, சட்டைக்கு உள்ள. அவரு அப்பாவோட கணுக்கால தொட்டு ரொம்ப நேரம் நாடி பாத்தாரு. ரத்தம் கீழ வரைக்கும் ஓடுது, எக்ஸ்ரேல கெட்டுப்போன எலும்பு ரெண்டு வெரல்ல மட்டும்தான், அத எடுத்துட்டா மிச்சத்த காப்பாத்தலாம்னு சொன்னாரு. அப்பறம் என்னயப் பாத்து ஒரு கேள்வி கேட்டாரு. "நான் வெட்டுறது ஒரு மணித்தியாலம். அதுக்குப் பிறகு மாசக்கணக்கா இத சுத்தம் பண்ணி கட்டணும். செய்ய வீட்ல ஆள் இருக்கா?" நான் இருக்குன்னு சொல்லிட்டேன். பொய்தான் சொன்னேன், யாரு இருக்கான்னு எனக்கே தெரியாது. சேர், மன்னிக்கணும். கடைசியில அது உண்மையாயிருச்சு.

வாட்டுல ஒரு சின்ன நர்ஸ் மிஸ், சிங்களப் பிள்ளை, வந்து கொஞ்ச மாசம்தான் இருக்கும். தமிழ் தெரியாது. அப்பாவுக்கு சிங்களம் பெரட்டுக்கு, அதான் காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற எடத்துக்கு, போற அளவுக்குத்தான் தெரியும். மொத நாள் ரெண்டு பேரும் கை சாடையில பேசினாங்க, ரெண்டாம் நாள் அந்தப் பிள்ளை உள்ளங்கையில பேனாவால எழுதிட்டு வந்திருக்கு, சிங்கள எழுத்துல தமிழ் வார்த்த. வலிக்குதா. எரியுதா. மரத்துப் போச்சா. ஒண்ணுக்குப் போனீங்களா. மூணாவது வார்த்தைய அது "மரத்து பூச்சா"ன்னு கேட்டப்ப அப்பா அந்த வலியிலயும் சிரிச்சாரு. மகளே, நீ பௌத்தம், பன்சலைக்கு போற பிள்ளை, இந்தக் கடிதம் பூரா நான் வேதத்தப் பத்தி எழுதிக்கிட்டு இருக்கேன், ஆனா எங்க அப்பாகிட்ட மொதல்ல அவரு பாஷையில பேசினது நீதான். அத இங்க எழுதாம விட்டா நான் எழுதினது எல்லாம் பொய்யாப் போயிரும்.

(பாஷைன்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. 1847ல யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில இருந்துக்கிட்டு வைத்தியத்த தமிழ்லயே படிப்பிச்சவரு. அவரு 1867ல போட்ட ஒரு புத்தகத்துக்குப் பேரு இரணவைத்தியம், அதாவது சர்ஜரி. நம்ம ஆளுங்க கிளினிக் கார்ட்ல என்ன எழுதியிருக்குன்னு தெரியாம பத்து வருஷம் தூக்கிட்டு திரியிறாங்க, அந்தக் காலத்துல ஒரு வெள்ளைக்காரர் தமிழ்ல ரண வைத்தியம் எழுதியிருக்காரு. அமெரிக்காவுல இருக்கிற அவரோட கல்லறையில தமிழருக்கு மருத்துவ சுவிசேஷகர்னு எழுதியிருக்கு. மதம் பரப்பவும்தான் வந்தாரு, அத மறைக்க வேண்டியதில்ல, கல்லுலயே இருக்கு. ஆனா அந்தப் புத்தகத்த படிச்சு சத்திர சிகிச்சை கத்துக்கிட்டவன் கையில காப்பாத்தப்பட்டவங்கள்ல எத்தன பேரு திருநீறு பூசினவங்களா இருந்திருப்பாங்க, அதையும் யோசிக்கணும்ல.)

இப்ப மிஸ்ஸிக்கு வாறேன். பேரு போடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. ரிட்டயர் ஆன நர்ஸ், மெதடிஸ்ட் சபை, வயசு எழுவதுக்கு மேல, டவுன்ல தனியா இருக்காங்க. எங்கள விசாரிக்கச் சொல்லி அவங்ககிட்ட சொன்னது எங்க ஃபாதர். ஆர்சி ஃபாதர் மெதடிஸ்ட் மிஸ்ஸிக்கு கோல் எடுத்திருக்காரு, அதுவே எங்க பக்கத்துல ஒரு அதிசயம்தான். அந்த ஃபாதர் ஆஸ்பத்திரிக்கு வந்தப்பவும் ஜெபத்துக்கு முன்னால கட்டில்ல தொங்கின சார்ட்ட எடுத்துப் பாத்து "இன்னைக்கு ஷுகர் எவ்வளவு, ஊசி போட்டாங்களா"ன்னு கேட்டவரு. அம்மா அழுதுக்கிட்டே மாத்திரைய நிப்பாட்டின கதைய சொன்னப்ப அவரு திட்டல. சீராக் ஆகமம் 38ம் அதிகாரத்த வாசிக்கச் சொன்னாரு, வைத்தியர மதின்னும், மருந்த மண்ணுலயிருந்து படைச்சது ஆண்டவர்தான்னும் அதுல இருக்கு. பின்னால அம்மா இத மிஸ்ஸிகிட்ட பெருமையா சொல்ல, மிஸ்ஸி "எங்க பைபிள்ல அந்தப் புத்தகமே இல்லியே அம்மா, பரவால்ல, லூக்கா ஒரு டொக்டர்தானே, அது எங்களுக்குப் போதும்"னு சொல்லி ரெண்டு பேரும் ஒரே சிரிப்பு.

மிஸ்ஸி மொத நாள் வந்தப்ப எங்க இஸ்தோப்புல ஒக்கார ஒரு பெஞ்சுதான். அதுல அப்பாவ ஒக்கார வச்சிட்டு அவங்க கீழ சீமெந்துத் தரையில முழங்கால் போட்டாங்க. எழுவது வயசு முழங்கால். அப்பா கால இழுத்துக்கிட்டாரு. "வேணாம்மா, நீங்க பெரியவங்க, டவுன்ல இருக்கிறவங்க, நீங்க போயி என் கால..." அப்பாவோட குரல் ஒடஞ்சிருச்சு. 34 வருஷம் தொரைமாருக்கு முன்னால தொப்பிய கழட்டிட்டு நின்ன மனுசன், அவரு கால ஒருத்தரும் குனிஞ்சு பாத்ததில்ல. மிஸ்ஸி நிமிந்து பாக்காமலே "பேதுருவும் இப்பிடித்தான் கால இழுத்தாரு, கடைசியில குடுத்துட்டாரு, நீங்களும் குடுங்க"ன்னு சொல்லி சேலைன் தண்ணிய ஊத்த ஆரம்பிச்சிட்டாங்க. இயேசு சீஷன்மார் கால கழுவினப்ப வேணாம்னு சொன்ன அந்தப் பேதுரு யாருன்னு அப்பாவுக்குத் தெரியாது. அது யாரும்மா அந்த ஆளு, எந்தத் தோட்டம்னு கேட்டாரு.

பெரிய வியாழன் அன்னைக்கு கோயில்ல ஃபாதர் 12 பேரு கால கழுவுறத சின்ன வயசுலயிருந்து பாத்திருக்கேன். எல்லாரும் வீட்ல சோப்புப் போட்டு தேச்சு பவுடர் வாசத்தோடதான் வந்து நீட்டுவாங்க. புழு வச்ச கால கழுவுறத அன்னைக்குத்தான் பாத்தேன்.

5 மாசம், ஒண்ணு விட்ட ஒரு நாள். பஸ்சுல வந்து கீழ சந்தியில எறங்கி, 212 படி ஏறி வருவாங்க. நான் எண்ணியிருக்கேன். காசு குடுத்தா வாங்க மாட்டாங்க, தேத்தண்ணி மட்டும், சீனி இல்லாம, அதுவும் அப்பாவுக்கு முன்னால குடிச்சுக் காட்டத்தான். எனக்கு வெட்கமா இருந்துச்சு, ஒரு நாள் கேட்டுட்டேன், ஏன் மிஸ்ஸி இவ்வளவு சிரமம்னு. நல்ல சமாரியன் கதை தெரியுமான்னு கேட்டாங்க. தெரியாம என்ன, சண்டே ஸ்கூல்ல நாடகமே போட்டிருக்கேன், கழுதைக்கு வாலு நான்தான் தச்சேன். அதுக்கு அவங்க சொன்னாங்க: "எல்லாருக்கும் சமாரியனத்தான் ஞாபகம். ரோட்டுல அடிபட்டுக் கெடந்தவனுக்கு அவன் எண்ண ஊத்தி கட்டி, கழுதையில ஏத்தி சத்திரத்துக்குக் கொண்டு வந்து, ரெண்டு பணத்த குடுத்துட்டு மறுநாள் போயிட்டான். அதுக்குப் பிறகு கட்டு மாத்தினது யாரு? சத்திரக்காரன். அவனுக்கு பேரும் இல்ல, அவனுக்குன்னு ஒரு பிரசங்கமும் இல்ல. நான் சத்திரக்காரன் ஆளு புள்ள."

அன்னைக்கு ராத்திரி அம்மாவோட பழைய பைபிள எடுத்துப் பாத்தேன். சத்திரக்காரன்கிட்ட சமாரியன் சொல்றது, நீ இவன விசாரிச்சுக்கோங்கிறது. மத்தேயு 25லயும் அதே வார்த்ததான், வியாதியா இருந்தேன், என்ன விசாரிக்க வந்தீங்கன்னு. விசாரிக்கிறது. நமக்கு அந்த வார்த்தையக் கேட்டாலே ஐடென்டி கார்ட தேடுற கை தானா சட்டைப் பைக்குப் போகும். யுத்த காலத்துல எத்தன வருஷம் விசாரணைன்னு பஸ்ச விட்டு எறக்கி லைன்ல நிக்க வச்சாங்க. அதே வார்த்த இங்க புண்ண கழுவுறதுக்கு இருக்கு. பழைய தமிழ்ல அது சாதாரண வார்த்ததான்னு நீங்க சொல்லலாம், எனக்கும் தெரியும், ஆனா எனக்கு அது அன்னைக்குத்தான் வந்து சேந்துச்சு.

மிஸ்ஸி சொல்லித்தான் டொக்டர் போல் பிராண்ட் பத்தியும் தெரிஞ்சுக்கிட்டேன், பின்னால போன்ல தேடித் தேடி வாசிச்சேன். 1914ல கொல்லிமலையில பொறந்தவரு, மிஷனரிமாரோட மகன். எங்க தாத்தாவோட அப்பா அந்த சேலம் பக்கத்து ஆளுதான், அதனால ஏதோ சொந்தக்காரர் மாதிரி ஒரு இது. 1946ல வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. அது 1900ல ஐடா ஸ்கடர் அம்மா ஒத்தக் கட்டிலோட தொடங்கின எடம், அந்த அம்மாவோட தாத்தா ஜோன் ஸ்கடர் மிஷன் டொக்டரா வைத்தியம் பாத்ததும் நம்ம நாட்ல, யாழ்ப்பாணத்துல பண்டத்தரிப்புல. சரி, பிராண்ட் கதைக்கு வாறேன். தொழுநோய்க்காரங்க வெரலு தானா அழுகி விழுதுன்னுதான் எல்லாரும் நெனச்சுக்கிட்டு இருந்தாங்க. அவரு அப்பிடி இல்லன்னு கண்டுபுடிச்சாரு. நோயி நரம்ப மரக்க வைக்குது, வலி தெரியாததால அவங்க சூட்டுச் சட்டிய தொடுறாங்க, ஆணியில மிதிக்கிறாங்க, புண்ணு மேலயே நடக்கிறாங்க, வெரலு போறது அதுலதான். ராத்திரி தூங்குறப்ப சிலருக்கு வெரல காணோம், என்னன்னு பாத்தா எலி. வலிச்சாத்தானே முழிப்பு வரும். அதுக்கு அவரு போட்ட மருந்து, வீட்டுக்குப் போற நோயாளி ஒவ்வொருத்தருக்கும் ஒரு பூனை.

அவரு பின்னால அமெரிக்காவுக்குப் போயி சீனி வருத்தக்காரங்க காலுலயும் இதே கதைதான் நடக்குதுன்னு காட்டினாரு. வலி கடவுள் தந்த கொடைன்னு சொல்லிக்கிட்டே இருந்த மனுசன். எனக்கு இது மொதல்ல கோவம்தான் வந்துச்சு, பல்லு வலியில கெடந்தவளுக்கு வலி கொடையா? ஆனா அடுப்படியில தீஞ்ச கால நெனச்சா ஒண்ணும் பேச முடியல. அப்பா பெருமையா சொன்னாரே, வலிக்கவே இல்லன்னு.

எலிக் கதையக் கேட்ட அன்னைக்கே அம்மா பணியக்கணக்குக்கு, அதான் தோட்டத்தோட கீழ் டிவிஷனுக்குப் போயி ஒரு பூனைக்குட்டி வாங்கிட்டு வந்துட்டாங்க. எங்க லயத்துல எலிக்கு என்ன பஞ்சமா. குட்டிய குடுத்த அக்காவுக்கும் நன்றி. அதுக்கு அப்பா பேதுருன்னு பேரு வச்சிருக்காரு, பொட்டப் பூனை.

இன்னொரு விஷயமும் மிஸ்ஸிக்கு நன்றி சொல்லணும். அப்பா முனியாண்டி கல்லுக்குப் பக்கத்துல சபுக்கு மரத்த வெட்டினதுக்குத்தான் இந்தக் காலுன்னு லயத்துல பேச்சு. அந்த ஜெபக் கூட்டத்துக்காரங்க சொன்னது வேற, விக்கிரக ஆராதனைப் பாவமாம். ஆக ரெண்டு சாமியும் சேந்து எங்க அப்பாவத்தான் புடிச்சிருக்கு. அப்பாவே ஒரு நாள் கேட்டாரு, நான் என்ன பாவம் செஞ்சேன் மிஸ்ஸின்னு. குருடனாப் பொறந்தவன் ஒருத்தன காட்டி, பாவம் செஞ்சது இவனா இவனப் பெத்தவங்களான்னு சீஷன்மார் கேட்டப்ப, ரெண்டுமில்லன்னு இயேசு சொன்னாருன்னு மிஸ்ஸி சொன்னாங்க. சொல்லிட்டு "நீங்க செஞ்ச பாவம் தேத்தண்ணிக்கு 4 கரண்டி சீனி போட்டதுதான், அதையும் விட்டாச்சு, கால நேரா வைங்க"ன்னாங்க. அவ்வளவுதான். மதம் மாத்தப் போறாங்கன்னு பக்கத்து காம்பராவுல பேசிக்கிட்டாங்க, எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் இருந்துச்சு, ஏன் பொய் சொல்லணும். ஒரு துண்டுப் பிரசுரம் கூட அவங்க பையில இருந்து வரல. கதை கேட்டது எல்லாம் அப்பாதான். ஒருத்தரு கால கையில புடிச்சிருக்கிறப்ப அவர எதுவும் கேட்கக் கூடாது, அவரால எந்திரிச்சுப் போக முடியாதுல்லன்னு மிஸ்ஸி என்கிட்ட ஒரு தடவ சொன்னாங்க. அப்பா இப்பவும் மாரியம்மனுக்குத்தான் கும்பிடுறாரு, மிஸ்ஸிக்காகவும் சேத்து.

டவுன்ல செருப்பு தைக்கிற அண்ணே, உங்களுக்கு. மிஸ்ஸி வெட்டிக் குடுத்த காகித அளவ வச்சு, மெத்துன்னு ரப்பர் அடி போட்டு, வெரல் இல்லாத எடத்துல பஞ்சு வச்சு, ஆணி ஒண்ணு கூட அடிக்காம ஒட்டியே தச்சுக் குடுத்தீங்க. மூணு தடவ பிரிச்சு மறுபடி தச்சீங்க, கூலி கேட்டா நல்ல தேயிலைத் தூள் ஒரு பைக்கட் போதும்னீங்க. தூள் அனுப்பியிருக்கேன், கெடச்சுச்சான்னு சொல்லுங்க.

வீட்ல சீனி வருத்தக்காரங்க இருந்தா இத மட்டும் செய்ங்க: ராத்திரி படுக்க முந்தி அவங்க ரெண்டு காலையும் வெளிச்சத்துல கையால தடவிப் பாருங்க, அடிப்பாதம், வெரல் இடுக்கு, குதிகால். அட்டை கடிச்ச எடத்தையும் விடாதீங்க. சுடுதண்ணிய அவங்க காலால பாக்க விடாதீங்க, உங்க முழங்கையால பாருங்க. மலைக்கும் வீட்டுக்கும் வெறுங்காலு வேணாம். அடுப்புக்கிட்ட காலு வேணவே வேணாம், கம்பளிச் சொக்ஸ் போடுங்க. எங்க வீட்ல இப்ப இது என்னோட வேலை. தொரை வந்துட்டாரு, கால நீட்டுங்கன்னு நான் சொன்னா அப்பா நீட்டுவாரு, முன்ன மாதிரி இழுக்கிறதில்ல.

சார்ஜ் 11 பர்சன்ட். கடைசியா ஒண்ணு. வாட்டுல அப்பாவுக்குப் பக்கத்து கட்டில்ல பதுளைப் பக்கத்து ஐயா ஒருத்தரு இருந்தாரு, அவரோட சம்சாரம் எங்களுக்கு 9 நாளும் சுடுதண்ணி ஊத்தித் தந்தாங்க. அவர வேற வாட்டுக்கு அவசரமா மாத்தினப்ப அவங்க ப்ளாஸ்க் எங்ககிட்டயே நின்னுருச்சு, பச்ச மூடி, அடியில சின்னதா நெளிவு. நாங்க தேடிப் போனப்ப ஆளக் காணல, ஐயாவுக்கு எப்பிடின்னும் தெரியல. அம்மா, இது உங்க கண்ணுல பட்டா, இல்ல உங்களத் தெரிஞ்ச யாராவது பாத்தா, தகவல் குடுங்க. ப்ளாஸ்க கழுவி வச்சிருக்கோம், நாங்க பாவிக்கல.